மூட்டை லோடுக்குத் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுவது எப்படி?

1986இல் சேலத்திலிருந்து பூனாவுக்கு ஜவ்வரிசி ஏற்றிய ஒரு லேலண்ட் லாரியில் கிளீனராகப் போனேன். எனக்கு அதுதான் முதல் நெடுந்தூர நடை. ஹூப்ளி தாண்டிப் பெல்காம் போவதற்குள் ஆடி மழை பிடித்துக்கொண்டது. நடுராத்திரியில் தலைக்கு மேலே படபடவென்று சத்தம். இறங்கிப் பார்த்தால், தார்ப்பாயின் முன் மூலை ஒன்று பிரிந்து, காற்று உள்ளே புகுந்து, பாய் முழுவதும் உப்பிக்கொண்டு நிற்கிறது. அந்த மூலையைக் கட்டியவன் நான். பதினோரு மூட்டை நனைந்து போனது.

டிரைவர் அண்ணன் திட்டவில்லை. விடிந்து மழை விட்டதும் வண்டியை ஓரம் கட்டினார். பாயையும் கயிற்றையும் மொத்தமாக அவிழ்த்துக் கீழே போட்டார். "தம்பி, இப்ப நீ திருப்பிக் கட்டு, நான் பாக்கறேன்" என்றார். அன்றைக்கு அந்த மூன்று மணி நேரத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். குட்டி யானை வைத்து வாடகைக்கு ஓட்டும் பிள்ளைகள் பலர் கயிற்றை எப்படியோ சுற்றி, ஏழெட்டு முடிச்சுப் போட்டு, இறக்கும்போது கத்தியால் அறுக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாய் மழைக்கு, கயிறு பாரத்துக்கு. பாயை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அது மூட்டையைப் பிடித்து வைக்காது.

முதலில் சாமான்கள்

அந்தக் காலத் தார்ப்பாய் மெழுகு ஏற்றிய பருத்திக் கித்தான். நனைந்தால் நூல் ஊதி, நெசவில் இருக்கும் கண்களை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் இறங்காது. ஆனால் நனைந்த பாயை மேலே தூக்க இரண்டு ஆள் வேண்டும். இப்போது வரும் பிளாஸ்டிக் பாய் லேசு. கட்டவும் சுலபம். ஆனால் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தால் கட்டுக்கண், அதாவது கயிறு கோக்கும் துளை, இருக்கும் ஓரம் சீக்கிரம் கிழியும், வெயிலில் கிடந்தால் பொடிந்து போகும். இன்னொன்று, ஆங்கிலத்து டார்பாலின் என்ற சொல்லின் முன்பாதியும் தார்தான். நம் ஆட்கள் வாயில் அது தார்ப்பாய் ஆனபோது பொருள் கொஞ்சமும் கெடவில்லை.

கயிற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. மணிலாக் கயிறும் பருத்திக் கயிறும் நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்தால் தளரும். நைலான் நல்ல பலம், ஆனால் இழுபடும். நனைந்தால் இன்னும் இழுபடும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயிறு வழுக்கும், முடிச்சு நிற்காது, வெயிலில் நார்நாராக உதிரும். புதிதாகப் பழகுகிறவர்கள் 12 மில்லிமீட்டர் நைலான் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் பிடிக்க வாட்டமாக இருக்கும். பழைய டயர் டியூபைத் துண்டு துண்டாக வெட்டிப் பத்துப் பன்னிரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கூடவே காலிச் சாக்கு நாலைந்து.

மூட்டை அடுக்குவதிலேயே பாதிக் கட்டு முடிந்துவிடும்

பிரிட்டனில் லாரிச் சரக்கைக் கட்டுவதற்கு ஒரு நடைமுறைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் சரக்கின் முழு எடைக்குச் சமமான விசையையும், பக்கவாட்டிலும் பின்னாலும் பாதி எடைக்குச் சமமான விசையையும் கட்டு தாங்க வேண்டும். பத்து டன் ஏற்றினால், அவசர பிரேக்கில் பத்து டன் உங்கள் முதுகை நோக்கி வரலாம் என்று பொருள். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கியவர்களுக்கு இது புரியும். கயிறு மட்டும் அதைத் தாங்காது. அதனால் முதல் அட்டி, அதாவது முதல் மூட்டை அடுக்கு, கேபின் பக்கத்துப் பலகையை ஒட்டி, ஒரு விரல் சந்துகூட இல்லாமல் நிற்க வேண்டும்.

செங்கல் சுவர் கட்டுவது போல, கீழ் வரிசையின் இணைப்பு மேல் வரிசை மூட்டையின் நடுவில் வருகிற மாதிரி மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக நேராக அடுக்கினால் தூண் மாதிரி தனித்தனியாக நிற்கும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் சரியும். பக்கப் பலகைக்கு மேலே போகும் வரிசைகளை வரிசைக்கு ஒரு சாண் உள்ளே இழுத்து அடுக்குங்கள். சணல் சாக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும், நடுநடுவே காலிச் சணல் சாக்கை விரித்தால் பிடிப்பு வரும்.

உச்சியில் நடுவரிசை மட்டும் ஒரு மூட்டை உயரமாக, கூரை முகடு மாதிரி இருக்கட்டும். தட்டையாக விட்டால் தண்ணீர் குளமாகத் தேங்கும், தேங்கிய இடத்தில்தான் பாய் ஒழுகும்.

பாய் விரிப்பதற்கு முன்

லோடு பக்கப் பலகைக்கு மேலே எழும்பியிருந்தால், பாய்க்கு அடியிலேயே இரண்டு மூன்று கயிறு குறுக்கே போட்டுக் கட்டிவிடுங்கள். பாரத்தைப் பிடிப்பது இந்தக் கயிறுகள்தான். நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். பாய் கிழிந்தால்கூட இந்தக் கயிறு இருந்தால் மூட்டை ரோட்டில் விழாது.

பாய் போடுவது

ஒரே பாய் போதும் என்றால் நல்லது. இரண்டு பாய் என்றால் பின்பாயை முதலில் விரியுங்கள், முன்பாய் அதன் மேல் மூன்று நான்கடி ஏறி வரட்டும். ஓடு வேய்கிறவர் கீழ் வரிசையை வைத்துவிட்டுத்தானே மேல் வரிசையை வைக்கிறார்? இங்கே காற்றும் மழையும் முன்னாலிருந்து வருகின்றன, அதனால் முன்பாய் மேலே. மாற்றிப் போட்டால் வண்டி வேகம் எடுத்ததும் சந்துக்குள் காற்று புகுந்துவிடும்.

இனி முன் மூலை. எனக்குப் பெல்காம் ரோட்டில் பிரிந்தது இதுதான். முன்பக்கத் தொங்கலை முதலில் கீழே இறக்கி, கேபினுக்கும் லோடுக்கும் நடுவில் படிய விடுங்கள். அப்போது இரண்டு ஓரத்திலும் யானைக் காது மாதிரி ஒரு மடிப்பு நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் காதை முன்னாலிருந்து பக்கவாட்டுக்குத் திருப்பி, வண்டியின் வால் பக்கம் பார்க்கிற மாதிரிப் படிய வையுங்கள். மடிப்பின் வாய் பின்னோக்கி இருந்தால் காற்று அதை அழுத்தி மூடும். முன்னோக்கி இருந்தால் திறந்து உள்ளே போகும். "காத்துக்கு வாய் குடுக்காதே தம்பி" என்று அண்ணன் அன்றைக்கு நான்கு தடவை சொன்னார்.

பின்பக்கம் இதற்கு நேர் எதிர். பக்கத்துக் காதுகளை முதலில் உள்ளே மடக்கி, அப்புறம் பின் தொங்கலை அதன் மேல் இறக்குங்கள். பொட்டலம் மடிப்பது மாதிரித்தான்.

இழுத்துக் கட்டும் முடிச்சு

பழகிய கை ஒரே நீளக் கயிற்றை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எறிந்து கொக்கி கொக்கியாகக் கட்டிக்கொண்டே போகும். நீங்கள் ஒவ்வொரு குறுக்குக்கும் தனிக்கயிறு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு சக்கர வண்டிக்கு நாங்கள் ஆறேழு குறுக்குப் போடுவோம்.

இடப்பக்கக் கொக்கியில் ஒரு முனையைக் கட்டுங்கள். மறுமுனையைச் சுருட்டி லோடுக்கு மேலே எறியுங்கள். எறியும் முன் "கயிறு வருது" என்று குரல் கொடுங்கள், அந்தப் பக்கம் ஆள் இருக்கலாம். மேலே பார்த்து மின்கம்பி இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எறிய வேண்டும்.

சரி, இப்போது வலப்பக்கம் வாருங்கள். தொங்கும் கயிற்றில், உங்கள் நெஞ்சு உயரத்தில், கயிற்றை ஒரு தடவை முறுக்கி ஒரு சின்ன வட்டம் செய்யுங்கள். வட்டத்துக்குக் கீழே தொங்கும் பாகத்தை ஒரு மடிப்பாக எடுத்து அந்த வட்டத்துக்குள் நுழைத்து இழுங்கள். ஒரு கண்ணி வரும். மடிப்பைக் கீழே தொங்கும் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். லோடிலிருந்து இறங்கி வரும் பக்கத்தில் எடுத்தால், இழுக்க இழுக்கக் கண்ணி சுருங்கி மூடிக்கொள்ளும். புதிதாகக் கற்பவர்கள் தவறுவது இங்கேதான். வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டி இருபது தடவையாவது போட்டுப் பழகுங்கள்.

அடுத்து, முனையைக் கொக்கிக்கு அடியில் கொடுத்து மேலே கொண்டுவந்து, அந்தக் கண்ணிக்குள் விட்டுக் கீழ்நோக்கி இழுங்கள். கப்பி போட்டு இழுத்த மாதிரி இருக்கும். கணக்குப்படி உங்கள் பலம் மூன்று மடங்காக வேண்டும். கயிறு கயிற்றில் உரசுவதால் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் வெறும் கையால் இழுப்பதைவிட நிச்சயம் அதிகம். இழுத்த இறுக்கம் தளராமல் கண்ணிக்குக் கீழே இரண்டு கயிற்றையும் சேர்த்து இடக்கையால் பிடித்துக்கொண்டு, வலக்கையால் கொக்கியில் இரண்டு அரை முடிச்சுப் போடுங்கள். இரண்டாவதை முழுதும் உருவாமல் மடிப்பாகவே விட்டால், அவிழ்க்கும்போது ஒரே இழுப்பில் வந்துவிடும். பிரிட்டன் லாரிக்காரர்களும் இதே இழுவை முறையில் ஒரு முடிச்சுப் போட்டார்கள், அங்கே அதற்கு டாலி முடிச்சு என்று பெயர்.

இழுக்கும்போது தரையில் நின்று, ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே வைத்து, உடல் எடையைக் கீழ்நோக்கிக் கொடுங்கள். பாடி விளிம்பில் நின்றுகொண்டு பின்னால் சாய்ந்து ஒருநாளும் இழுக்காதீர்கள். கயிறு அறுந்தால் மல்லாக்க விழுவீர்கள்.

கயிறு பலகை ஓரத்தில் திரும்பும் இடமெல்லாம் டியூப் துண்டை அடியில் வையுங்கள். கயிறு அறுவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான்.

கிளம்பிய பிறகு

இருபது முப்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்துங்கள். மூட்டை குலுங்கி அமர்ந்திருக்கும், காலையில் வீணைத் தந்தி மாதிரி இருந்த கயிறு கையால் அசைத்தால் ஆடும். ஒவ்வொரு கண்ணியையும் திரும்ப இழுத்துக் கட்டுங்கள். அப்புறம் டீ குடிக்க நிறுத்தும் இடமெல்லாம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கயிற்றைத் தட்டிப் பாருங்கள். மணிலாக் கயிறு என்றால், மழை விட்டு வெயில் அடித்த பிறகு கட்டாயம் பார்க்க வேண்டும்.

எல்லாச் சரக்கும் கயிற்றுக்கு அடங்காது. இரும்புச் சுருள், இயந்திரம், குழாய் இவற்றுக்குச் சங்கிலியும், பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட்டும்தான். பாடிக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். அதைவிட, இருட்டில் பின்னால் வரும் பைக்காரரை நினைத்துப் பாருங்கள்.

இறக்கி முடித்ததும் பாயை ஈரத்தோடு சுருட்டாதீர்கள், கித்தான் என்றால் சீக்கிரமே பூஞ்சை பிடித்து மக்கிவிடும். பக்கப் பலகை மேல் விரித்து நன்றாகக் காயவிட்டு, கிழிந்த கட்டுக்கண்களை அன்றைக்கே தைத்து, சுருட்டிக் கேபின் மேல் கேரியரில் போடுங்கள். கயிற்றை முழங்கையில் சுற்றிச் சுருளாகக் கட்டி அதன் பக்கத்தில் வைத்தால், அடுத்த நடைக்கு இருட்டில்கூடக் கைக்கு எட்டும்.