சாம்பல் பையில் காற்று பாருங்கள்

இம்பாலா மானை நடந்தே பின்தொடரப் போகிறீர்களா? பழைய பருத்திக் காலுறையில் சலித்த விறகுச் சாம்பல் இரண்டு கைப்பிடி போட்டு முடிந்து, இடுப்பில் தொங்கவிடுங்கள். அவ்வப்போது லேசாகத் தட்டினால் பறக்கும் தூள் காற்றின் திசையைக் காட்டும்.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மலைச்சரிவுகளில் விடியலில் கீழிறங்கும் காற்று, வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பிவிடும். முதுகுப்பக்கம் காற்று வந்தால் பூனைநடை போட்டும் பயனில்லை. உங்கள் வாடை முந்திக்கொள்ளும். உடனே சுற்றிப் போங்கள்.

எல்க் என்ற வட அமெரிக்கப் பெரிய மானின் வேட்டைபோல், கிடாவை வரவழைக்கக் குழல் ஊத வேண்டியதில்லை. மே மாத இணைசேர் பருவத்தில் கிடாவின் உறுமலே இடம் சொல்லிவிடும். அது உறுமும்போது நடங்கள், நிறுத்தினால் நில்லுங்கள். பெட்டைகள்தான் தொல்லை, அவற்றின் கவனம் அசரவே அசராது.

மழைநாளில் சாம்பல் கட்டிதட்டிவிடும், பை உதவாது.