பெயரை முதலில் வாயால் சொல்லுங்கள்: வம்சம் தேடும் கூட்டம் நடத்துவது எப்படி

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை பூஜை முடிந்து பத்து மணிக்கு எங்கள் கோயில் மண்டபத்தில் வம்சம் தேடும் கூட்டம் கூடும். கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலில் வந்த நம் முன்னோர் யார், எந்த ஊர் என்று பழைய காகிதங்களில் தேடுவோம். இங்கே, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலேயே, இன்னும் சில கோயில்களில் இதை ஆரம்பிக்கவேண்டும் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் விளக்கி வாய் வலித்ததால் எழுதிவிட்டேன். நான் சரித்திரம் படித்தவள் இல்லை. டர்பன் துணி பேக்டரியில் முப்பத்தொரு வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தேன். கம்ப்யூட்டரை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் பேத்தி.

முதல் கூட்டத்தில் நாங்கள் செய்த தப்பிலிருந்து தொடங்குகிறேன். புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்தோம். நாற்பது ஸ்லைடு. ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்தது, 1911-ல் கிரிமிட் ஆள், அதாவது ஒப்பந்தக் கூலி ஆள், கொண்டுவருவது நின்றது, அதற்குள் 1,52,184 பேர் வந்து இறங்கிவிட்டார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். எல்லாம் சரியான விவரம்தான். முன்வரிசைத் தாத்தா ஒருவர் நன்றாகத் தூங்கி, டீ வந்தபோது எழுந்தார். பதினோரு மணிக்கு லோட் ஷெடிங். இருட்டில் எல்லோரும் சமோசா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தன் குடும்பத்தைப் பற்றி ஒரு புதுச் செய்தியோடு வீட்டுக்குப் போனவர் ஒருவரும் இல்லை.

அப்புறம் புரொஜெக்டரைத் தொடவே இல்லை. இப்போது மண்டபத்தில் நாலு மேசை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெரியவர், போனோ லேப்டாப்போ வைத்திருக்கும் ஒரு இளையவர், நோட்டில் எழுதுகிற ஒருவர். கூட வந்த உறவுக்காரர்கள் பின்னால் உட்காரலாம், ஆனால் குறுக்கே பேசக்கூடாது. குறிப்பாக மருமகன்கள். முதல் இருபது நிமிஷம் போன் ஒலிப்பதிவுக்கு மட்டும், திரையைப் பார்க்கக்கூடாது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு.

காரணம் இதுதான். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் காதால் கேட்டு எழுதினார்கள். சென்னையில் ஒரு குமாஸ்தா, டர்பனில் இன்னொருவர், கரும்புத் தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தில் மூன்றாமவர், சாவுப் பத்திரத்தில் நாலாமவர். கம்ப்யூட்டருக்கு எழுத்துதான் தெரியும், ஒலி தெரியாது. ஒலி இருப்பது நம் ஆயாக்களின் வாயில். அதனால்தான் அந்த ஆயாவைப் போனுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன்.

போன வருஷம் ஒரு மேசையில் நடந்தது. சாட்ஸ்வர்த் யூனிட் த்ரீ பகுதியிலிருந்து வந்த ஆயாவிடம் பேரன் கேட்டான்: "ஆயா, உங்க பாட்டி நேம் எப்படி ஸ்பெல் பண்ணணும்?"

"ஸ்பெல்லா? கூப்பிடுறத சொல்றேன், நீ எழுதிக்கோப்பா. முனிம்மா."

அதே பெயர் தன் அத்தையின் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே அவன் தட்டிப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை. நான் நோட்டை வாங்கினேன். முனியம்மா. எம்-முக்குப் பிறகு யூ போட்டிருக்கலாம், ஓ ஒன்று போட்டிருக்கலாம், ஓ இரண்டு போட்டிருக்கலாம். நடுவில் ஐ, அல்லது ஈ இரண்டு, அல்லது வொய். கடைசியில் ஏ மட்டும், அல்லது ஏ எச், அல்லது ஏ எல். இதுவே இருபத்தேழு முனியம்மா. உள்ளே எம் ஒன்றா இரண்டா என்று பார்த்தால் ஐம்பத்து நாலு. இதை நோட்டில் வரிசையாக எழுதிக் காட்டினால்தான் பிள்ளைகளுக்கு விஷயம் புரிகிறது.

ஐம்பத்து நாலையும் தட்டவேண்டாம். பேமிலிசர்ச் என்கிற வம்சம் தேடும் இணையதளத்தில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த இடத்தில் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். கேள்விக்குறி போட்டால் சரியாக ஒரு எழுத்து. எம், நட்சத்திரம், என், நட்சத்திரம், ஏ, எம், நட்சத்திரம். இப்படிப் போட்டால் முனியம்மாக்கள் கூட்டமாக வந்துவிடுவார்கள், வேண்டாதவர்களும் சேர்ந்து. வயதையும் ஊரையும் வைத்துக் கழித்துக்கொண்டே வாருங்கள். உயிரெழுத்தை நம்பாதீர்கள், மெய்யெழுத்தைப் பிடியுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அதற்காகவாவது உயிர், மெய் என்றால் என்னவென்று கற்றுக்கொள்கிறார்கள்.

கடைசிப் பெயர் இன்னொரு வம்பு. கவுண்டர் கவெண்டர் ஆனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பல வீடுகளில் அப்பாவின் சொந்தப் பெயரே பிள்ளைக்குக் கடைசிப் பெயராக விழுந்துவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் கவெண்டர், தம்பி மாரிமுத்து. அதனால் குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதிக் குடும்பம் காணாமல் போகும்.

பெரியவரிடம் என்ன கேட்பது? "உங்கள் கொள்ளுத்தாத்தா யார்?" என்று கேட்டால் "தெரியாதுப்பா" என்று முடிந்துவிடும். வேறு பக்கமாகப் போங்கள். சாட்ஸ்வர்த்துக்கு வருவதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள்? 1960-களில், இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கவேண்டும் என்ற குரூப் ஏரியாஸ் சட்டத்தால் இங்கே தூக்கிப் போடப்பட்டவர்கள் நம்மில் அதிகம். கேட்டோ மேனரா, மேகசின் பாரக்ஸா? அங்கே பக்கத்து வீட்டில் யார்? காவடி யார் வீட்டிலிருந்து புறப்படும்? கல்யாணத்துக்குத் தாய்மாமனாக வந்து நின்றவர் யார்? தாய்மாமன் கேள்வி ஒன்று போதும், அம்மா பக்கத்துக் கிளை முழுக்க வெளியே வரும். எந்தத் தோட்டம், டோங்காட்டா, மவுண்ட் எட்ஜ்கூம்பா, அம்சிண்டோவா என்றும் கேளுங்கள். தோட்டத்தின் பெயர் பின்னால் ஆவணத்தில் முதலாளி கட்டத்தோடு பொருந்தும்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுவேன்: வீட்டில் இருப்பதிலேயே பழைய சாவுப் பத்திரம், பழைய கல்யாணப் பத்திரம், பிஸ்கட் டின்னில் மடித்து வைத்திருக்கிற ஏதாவது காகிதம். அந்தக் காகிதத்தில் ஓரமாக ஐந்து ஆறு இலக்க எண் ஒன்று இருந்தால் சந்தோஷப்படுங்கள். அது கலோனியல் நம்பராக இருக்கலாம். கிரிமிட்டில் இங்கே இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்குக்கூட, ஒரு நம்பர் கொடுத்தார்கள். பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கும், நம்பர் அவருடையது. நம்பர் கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலில் அவர் வரியைப் பிடித்துவிடலாம்: அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும். இந்தக் கப்பல் பட்டியல் வெஸ்ட்வில் வளாகத்தில், குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் இருக்கிறது. தூரத்தில் இருப்பவர்கள் முதலில் போன் செய்துவிட்டுப் போங்கள்.

கல்யாணப் பத்திரம் இல்லையென்று தலைகுனிகிறவர்களைப் பார்க்கிறேன். தேவையே இல்லை. நம் கல்யாணங்களை அரசாங்கம்தான் மதிக்கவில்லை. 1913-ல் கேப் மாகாண நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பே சொன்னார். மறு வருஷம் வந்த சட்டம்தான் அதைச் சரிக்கட்டியது. கொள்ளுப்பாட்டி தாலி கட்டிக்கொண்டு வாழ்ந்தவள்தான்.

நம்பர் இல்லாவிட்டால் சாவு வழியாகப் போகவேண்டும். வீடோ நிலமோ கொஞ்சம் பணமோ விட்டுவிட்டுப் போனவர்களுக்கு எஸ்டேட் பைல், அதாவது அவர் விட்டுப்போன சொத்துக்கான பைல், இருக்கும். அதற்குள் இருக்கிற இறப்பு அறிவிப்புப் படிவத்தில் தாய் தகப்பன் பெயர், பிறந்த இடம், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் எல்லாம் வரும். எனக்குப் பிடித்த காகிதம் இதுதான், ஒரே தாளில் மூன்று தலைமுறை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் எஸ்டேட் பைல்கள் 1846 முதல் 1950 வரை பேமிலிசர்ச்சில் இருக்கின்றன. கணக்குத் திறக்கக் காசு வேண்டாம். அதை நடத்துவது மார்மன் சபை என்று தெரிந்து ஒரு தாத்தா சேரை விட்டு எழுந்துவிட்டார். தேடுவதற்கு மதம் மாறவேண்டாம் என்று சொல்லி உட்கார வைத்தோம். தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடுதளமும் இலவசம். அதில் கிடைப்பது பைலின் எண்ணும் தலைப்பும்தான், பைலையே பார்க்க நேரில் போகவேண்டும்.

இனி என் வெட்கக்கேடு. ஒரு மேசையில் ராமசாமி கிடைத்தார். வயது பொருந்தியது, ஜில்லா பொருந்தியது. எல்லோரும் கைதட்டினோம், நானும் "இவர்தான்" என்று சொல்லிவிட்டேன். அந்தக் குடும்பம் தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குக் கப்பல் பெயர் போட்டு பேனர் அடித்தது. இரண்டு மாதம் கழித்து எஸ்டேட் பைல் கையில் வந்தது. அப்பா பெயர் வேறு. நம் ராமசாமி வேறு ராமசாமி. அந்த பேனர் இன்னும் என் கராஜில் இருக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை. அதிலிருந்து சட்டம் வைத்திருக்கிறோம்: பெயரைத் தவிர மூன்று விவரம் பொருந்தவேண்டும், அதில் ஒன்று அப்பா பெயராகவோ நம்பராகவோ இருக்கவேண்டும். அதுவரை நோட்டில் பென்சிலால்தான் எழுதுவோம்.

கிராமம் கிடைத்தவுடன் கூகிள் மேப்பைத் திறக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பட்டியலில் இருப்பது அந்தக் காலத்து ஜில்லா. வட ஆர்க்காடு என்று இருந்தால் அது இன்றைக்கு வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எதுவாகவும் இருக்கலாம். ஆந்திராவாகவும் இருக்கலாம்: சித்தூர், பலமனேர் பக்கமெல்லாம் 1911 வரை வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. அதனால் ஜில்லாவை விட்டுவிட்டுத் தாலுகாவைப் பிடியுங்கள். போளூர், குடியாத்தம், ஆரணி என்று தாலுகா தெரிந்தால் அதைச் சுற்றி மட்டும் கிராமத்தைத் தேடலாம். கிராமத்தின் பெயரையும் வாய்விட்டுப் படிக்கவேண்டும். ஆங்கிலத்தில் விழிபிதுங்குகிற பெயர், உரக்கப் படித்தால் திடீரென்று ஏதோ ஒரு பட்டு, ஏதோ ஒரு பாக்கம் ஆகிவிடும்.

சாதிக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை மண்டபத்தில் உரக்கப் படிக்காதீர்கள். வீட்டில் ஒன்று சொல்லி வளர்த்திருப்பார்கள், கட்டத்தில் வேறொன்று இருக்கும். கப்பலில் ஏறும்போது மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, இறங்கிய பிறகு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஒரு தடவை ஒரு பையன் சத்தமாகப் படித்துவிட்டான். அவன் பெரியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை. இப்போது அந்தப் பக்கத்தைக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுகிறோம், அவர்கள் வீட்டில் படித்துக்கொள்ளட்டும்.

பழைய படங்களுக்கு ஸ்கேனர் வாங்கவேண்டாம். ஜன்னல் பக்கத்து மேசை, பிளாஷ் இல்லாமல், படத்துக்கு நேர் மேலே போன். கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுக்க முடிந்தால் எடுங்கள், ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். பின்பக்கத்தையும் படம் எடுங்கள், பெயர் அங்கேதான் எழுதியிருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். படத்தில் யார் யார் என்று ஆயா சொல்வதை இடமிருந்து வலமாக ஒலிப்பதிவு செய்து, படத்துக்கும் பதிவுக்கும் ஒரே பெயர் கொடுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் ஐடி புத்தகத்தைக் குழுவில் போடவே கூடாது. நம் பதின்மூன்று இலக்க ஐடி எண்ணில் முதல் ஆறு பிறந்த தேதி. அதை வைத்து என்ன மோசடி செய்வார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

டிஎன்ஏ சோதனை பற்றி எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். காசு இருந்தால் செய்யுங்கள், கிராமத்தை அது சொல்லாது. அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டிக்கொண்டே வந்த குடும்பத்தில் தூரத்துச் சொந்தம்கூடக் கிட்டத்துச் சொந்தமாகத் தெரியும். அதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

மற்றபடி, மின்சாரம் போனாலும் நடக்கிற மாதிரி திட்டம் போடுங்கள். ஒலிப்பதிவும் நோட்டும் கரண்ட் கேட்காது. தேடவேண்டிய பக்கங்களை முந்தின நாள் ராத்திரியே வீட்டில் இறக்கி வைத்துக்கொள்வேன், எல்லோருடைய டேட்டாவும் மிச்சம். டீ பத்தரைக்குக் கொடுக்காதீர்கள், பதினொன்றே முக்காலுக்குக் கொடுங்கள். டீ குடித்தால் போய்விடுவார்கள். சொஜ்ஜி இருந்தால் இன்னும் பத்து நிமிஷம் இருப்பார்கள், அந்தப் பத்து நிமிஷத்தில்தான் ஒரு தாத்தாவுக்கு மறந்துபோன சித்தப்பா பெயர் ஞாபகம் வந்தது.

ஒரு மணிக்குக் கல்யாணக்காரர்கள் மண்டபச் சாவிக்கு வந்துவிடுவார்கள். கிடைக்காத பெயர்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அடுத்த மாதம் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம். இப்போது அதில் பதினாலு பெயர் இருக்கிறது. யூனிட் த்ரீ ஆயாவின் முனியம்மா இன்னும் அதில்தான், பென்சிலில்.