ஸ்பாஞ்ச்பாப்பில் வரும் அந்த வழுக்கும் கிட்டாரை வாசிப்பது எப்படி?

கிட்டார் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் வெஸ்டர்ன் கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு) நான்கு பழகியதும் ஏதாவது பாட்டு கேட்பார்கள். இரண்டு வருடமாக ஒரு புதுக் கோரிக்கை அடிக்கடி வருகிறது: "சார், ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூன்ல சீன் மாறும்போது ஒரு கிட்டார் வழுக்கிட்டுப் போகுமே, அது என்ன எஃபெக்ட்?" எஃபெக்ட் எதுவும் இல்லை. கிட்டாரை மடியில் கிடத்தி, கம்பிமேல் ஓர் உலோகத் துண்டை வைத்து நகர்த்துகிறார்கள், அவ்வளவுதான். உங்களிடம் சாதாரண அக்குஸ்டிக் கிட்டார் ஒன்று இருந்தால் போதும், இன்றே ஆரம்பிக்கலாம்.

வாசிப்புக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒலியைப் 'காமெடி சத்தம்' என்று நினைத்து வாசிப்பவர்கள் எல்லாரும் சொதப்புகிறார்கள். கடலடியில் வாழும் பஞ்சுதான் ஸ்பாஞ்ச்பாப். அவனை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க் கலிபோர்னியாவில் கடல் உயிரியல் கற்பித்தவர். 1999 மே மாதம் நிக்கலோடியனில் தொடங்கிய அந்தத் தொடரில் கடல், தீவு, மாலுமி என்று எல்லாம் கலந்திருந்தது. ஆரம்ப சீசன்களில் இசைக்குப் பெரிய பட்ஜெட் கிடையாது. அதனால் இசைத் தொகுப்பாளர் நிக்கலஸ் கார், உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் இசை நூலகங்களிலிருந்து ஹவாய்ப் பாணித் துண்டுகளைத் தேடி எடுத்தார். கபோனோ பீமர் என்ற ஹவாய்க் கலைஞரின் இசை அப்படி வந்ததுதான். கூடவே ஜெரமி வேக்ஃபீல்ட் என்ற ஸ்டீல் கிட்டார் (இப்படி உலோகத்தால் வழுக்கி வாசிக்கும் கிட்டார்) கலைஞரும் சேஜ் கைட்டனும் தொடருக்கென்றே குட்டிக் குட்டித் துண்டுகளை வாசித்துக் கொடுத்தார்கள். அவற்றைப் படம் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒரு இடத்திலும் சிரிப்பு மூட்டும் முயற்சி இருக்காது. சுருதி சுத்தமாக, அழகாக வாசித்திருப்பார்கள். அந்த இனிமையின் நடுவில் ஒரு பஞ்சு தலைகீழாக விழுவதால்தான் சிரிப்பு வருகிறது. நீங்களும் இனிமையாக வாசியுங்கள். கோமாளித்தனத்தைப் படம் பார்த்துக்கொள்ளும்.

சரி, கிட்டாரை எடுங்கள்.

முதல் வேலை கம்பிகளை உயர்த்துவது. சாதாரண கிட்டாரில் கம்பி ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளுக்கு, மிக அருகில் இருக்கும். உலோகத்தை வைத்தால் ஃப்ரெட்டில் இடித்துக் கடகடவென்று கேட்கும். 'நட் எக்ஸ்டெண்டர்' என்று ஓர் உலோக மூடி விற்கிறார்கள். கம்பிகளைத் தளர்த்தி, கழுத்தின் மேல்முனையில் இருக்கும் வெள்ளை நட் மேல் அதைக் கவிழ்த்து, மறுபடி இறுக்கினால் கம்பிகள் உயர்ந்துவிடும். ஒட்டவோ திருகவோ வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும். முதல்முறை முயற்சிக்கு அதுகூட வேண்டாம், முதல் ஃப்ரெட்டுக்கு அருகே கம்பிகளுக்கு அடியில் ஒரு தடித்த பென்சிலைச் செருகினாலும் ஓரளவு வேலை நடக்கும். நைலான் கம்பி கிட்டார் இதற்கு உதவாது, ஒலி மொத்தையாக இருக்கும். ஸ்டீல் கம்பிதான் வேண்டும்.

இடது கைக்கு ஒரு ஸ்டீல் பார். வழுவழுப்பாக, கனமாக இருக்க வேண்டும். கனம் குறைந்தால் கம்பி அதிர்ந்து இரைச்சல் வரும். கடையில் கிடைக்காவிட்டால் ஸ்பானர் செட்டில் உள்ள நீளமான சாக்கெட் ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொள்ளுங்கள். கேவலமாக நினைக்க வேண்டாம்: ஹவாயின் ஓவாஹு தீவில் லாயே ஊரில் 1874இல் பிறந்த ஜோசப் கெகூகூ சிறுவனாக இருந்தபோது சீப்பு, கத்தி, போல்ட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கம்பியில் வைத்துப் பார்த்துத்தான் இந்த வாசிப்பு முறையை உருவாக்கியதாகச் சொல்வார்கள். பிறகு அவர் 1904இல் அமெரிக்க நிலப்பகுதிக்குப் போய் மேடைகளில் வாசித்தார். அங்கிருந்து ஹவாய் கிட்டார் மோகம் உலகமெங்கும் பரவியது. நம் பக்கம் கொல்கத்தா வரைக்கும் வந்தது. டாவ் மோயே என்ற ஹவாய்க் கலைஞர் 1940களில் அங்கேயே தங்கி வாசித்தார். இந்தியாவில் ஹவாயன் கிட்டார் என்று தேடினால் இன்றைக்கும் முதலில் கண்ணில் படுவது கொல்கத்தாக் கடைகள்தான்.

வலது கைக்குக் கட்டைவிரல் பிக் (கம்பியை மீட்ட விரலில் மாட்டும் துண்டு) ஒன்றும், ஆட்காட்டி, நடு விரல்களுக்கு உலோக பிக்குகளும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நகமே போதும்.

அடுத்தது டியூனிங். இங்கேதான் நிறையப் பேர் பயந்து ஓடிவிடுகிறார்கள். யூடியூபில் ஹவாய் ஸ்டீல் என்று தேடினால் எல்லாரும் 'சி சிக்ஸ்த்' டியூனிங் சொல்வார்கள். தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. அருமையான டியூனிங்தான், ஆனால் சாதாரண கம்பி செட்டில் அதை வைக்கவே கூடாது. முதல் கம்பியை (மிக மெல்லியதுதான் முதல்) தவிர மற்ற ஐந்தையும் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். தடித்த ஈ கம்பியை எட்டு அரைச்சுரம் ஏற்றப் பார்த்தால் கம்பி அறுந்து முகத்தில் அடிக்கும், இல்லாவிட்டால் உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயரும்.

அதற்குப் பதில் 'ஜி சிக்ஸ்த்' வையுங்கள். ஐந்தாவது கம்பியை ஏயிலிருந்து ஜிக்கு இறக்குங்கள். ஆறாவதை ஈயிலிருந்து டிக்கு இறக்குங்கள். மற்ற நான்கையும் தொடவே வேண்டாம். இப்போது தடித்த கம்பியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, ஈ. எதையும் ஏற்றவில்லை, ஆகவே எதுவும் அறாது. வெறும் கம்பிகளைக் கட்டைவிரலால் ஒரு இழு இழுத்துப் பாருங்கள்: அந்தக் கடற்கரை மணம் உடனே வந்துவிடும். காரணம் மெல்லிய ஈ கம்பிதான். மேஜர் கார்டோடு ஆறாவது சுரம் சேரும்போது வரும் குழைவு அது. ஹவாயின் குட்டி கிட்டாரான உகுலேலேயின் நான்கு வெறும் கம்பிகளிலும் இதே அமைப்புதான் இருக்கிறது, சுருதி மட்டும் வேறு. அந்தத் தொடரில் உகுலேலேயும் ஸ்டீல் கிட்டாரும் அவ்வளவு ஒட்டிப்போவதில் ஆச்சரியம் இல்லை.

கிட்டாரை மடியில் வானம் பார்த்துக் கிடத்துங்கள். பாரைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, ஆட்காட்டி விரலை மேலே வையுங்கள். அழுத்த வேண்டாம், பாரின் கனமே போதும். மோதிர விரலும் சுண்டு விரலும் பாருக்குப் பின்னால், அதாவது நட் பக்கம், கம்பிமேல் சும்மா படுத்திருக்கட்டும். இதை விட்டால் பாருக்குப் பின்னால் உள்ள கம்பித் துண்டும் சேர்ந்து முனகும்.

பார் இருக்க வேண்டிய இடம் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே. விரலால் வாசிக்கும்போது ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்திப் பழகியிருப்பீர்கள்; அந்தப் பழக்கத்தோடு வந்தால் எல்லாச் சுரமும் கீழே நிற்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கண் ஏமாற்றும், தலையைக் குனிந்து நேர் மேலிருந்து பாருங்கள். கொஞ்ச நாளில் கண்ணை மூடிக் காதால் நிறுத்தப் பழக வேண்டும். கார்டு வேகம், விரல் வேகம் எல்லாம் இந்த வாத்தியத்தில் இரண்டாம் பட்சம். சுருதி சேராத ஸ்டீல் கிட்டாரைப் போல எரிச்சலூட்டும் சத்தம் வேறு கிடையாது.

ஹவாய்ப் பாட்டுகளில் ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் சிறு திருப்பத்தை 'வேம்ப்' என்பார்கள். நமக்கு வேண்டிய காட்சி மாற்றத் துண்டு அதிலிருந்துதான் வருகிறது. ஜி சுருதியில் அது ஏ, டி, ஜி என்று போகும். நம் டியூனிங்கில் பார் போக வேண்டிய ஃப்ரெட்டுகள் 2, 7, 12. முதல் நான்கு கம்பிகளை மட்டும் மீட்டுங்கள். ஒவ்வொரு இடத்திலும் நேராக இறங்காமல் ஒரு ஃப்ரெட் முன்னாலிருந்து வழுக்கி வாருங்கள்: 1இல் மீட்டி 2க்கு, 6இல் மீட்டி 7க்கு, 11இல் மீட்டி 12க்கு. மீட்டிய அடுத்த கணமே வழுக்கல் முடிந்துவிட வேண்டும். மெதுவாக இழுத்தால் குடித்துவிட்டு வாசிப்பதுபோல இருக்கும். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிமேல் வைத்து ஒலியை நிறுத்துங்கள். எங்கே வழுக்குவது, எங்கே நிறுத்துவது என்ற அந்த வித்தியாசம்தான் வாசிப்புக்குச் சுத்தம் தருகிறது. எல்லா இடத்திலும் வழுக்கிக்கொண்டே போகிறவர்களை நான் முதல் பாடத்திலேயே நிறுத்திவிடுவேன்.

கடைசி ஜியில் நின்றதும் அதிர்வு. பாரை ஃப்ரெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சம அளவில் மெல்ல ஆட்டுங்கள். கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இடது கையில் உருளும் கட்டையும் அதிலிருந்து வரும் குழைவும் நன்றாகத் தெரியும். அந்தக் காது இங்கே பெரிய வசதி. ஆனால் கையை மட்டும் அங்கே விட்டுவிட்டு வாருங்கள். கமகம் சுரத்துக்குச் சுரம் போகும் வழியிலேயே வாழ்கிறது. ஹவாய் அதிர்வோ சுரத்தில் போய் நின்ற பிறகுதான் தொடங்கும், ஒரே சீராக ஆடும். கமகம் சேர்த்து வேம்ப் வாசித்தால் கேட்க நன்றாகவே இருக்கலாம், ஆனால் ஸ்பாஞ்ச்பாப்பின் ஊரான பிகினி பாட்டம் அங்கே இருக்காது.

படத்தோடு சேர்ப்பது தனிக் கணக்கு, எனக்கு மிகப் பிடித்த பகுதியும் அதுதான். வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களுக்கு 1936 முதல் 1958 வரை இசையமைத்த கார்ல் ஸ்டாலிங் தாளத்தை ஃப்ரேம் கணக்கில் அளந்தவர். திரைப்படத்தில் வினாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு தட்டுக்கு 12 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. எட்டு ஃப்ரேம் என்றால் 180, அது துரத்தல் காட்சி வேகம். நம் வேம்பை 120இல் வையுங்கள்: ஏவுக்கு இரண்டு தட்டு, டிக்கு இரண்டு, ஜிக்கு நான்கு. மொத்தம் எட்டுத் தட்டு, சரியாக 4 வினாடி. போனில் எடுத்த 30 ஃப்ரேம் வீடியோ என்றால் தட்டுக்கு 15 ஃப்ரேம். ஸ்பாஞ்ச்பாப்பில் காட்சி மாறும்போது வருவதுபோல் குமிழிகள் திரையை மூடும்போது ஏ, நிறைந்திருக்கும்போது டி, விலகிப் புதுக் காட்சி தெரியும் அந்த ஃப்ரேமில் ஜி. ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்பின் இருந்தால் யாருக்கும் தெரியாது, ஐந்து ஃப்ரேம் தள்ளிப்போனால் காட்சி தடுக்கி விழுந்ததுபோல் இருக்கும்.

வார்னர் பிரதர்ஸின் லூனி டூன்ஸ் கார்ட்டூன்கள் தொடக்கத்தில் வளையங்கள் தோன்றும்போது வரும் 'டொய்ய்ங்' கேட்டிருப்பீர்கள். ஹவாயின் மாவி தீவுக்காரரான ஃப்ரெடி டவாரெஸ் ஸ்டீல் கிட்டாரில் அதை வாசித்ததாகச் சொல்வார்கள். பிற்பாடு ஃபெண்டர் கிட்டார் கம்பெனியில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டார் வடிவமைப்பில் கைகொடுத்த அதே மனிதர். அதுபோல ஒன்று வேண்டுமானால் மூன்றாம் ஃப்ரெட்டில் பலமாக மீட்டி, பாரை எங்கேயும் நிறுத்தாமல் சவுண்ட் ஹோல் வரை ஒரே வீச்சில் தள்ளுங்கள். தோல்வி, ஏமாற்றம் என்றால் தலைகீழ்: 12இல் மீட்டிக் கீழ்நோக்கி இழுத்து, நட் வந்து சேரும் முன்பே பாரைத் தூக்கிவிடுங்கள். இரண்டையும் மிளகாய்ப்பொடி மாதிரி கொஞ்சமாகப் போட்டால் போதும்.

பதிவு செய்ய போன் போதும். சவுண்ட் ஹோலுக்கு நேராக வைக்காமல், கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்கு ஓர் அடி தள்ளி வையுங்கள். எடிட் செய்யும்போது 150 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6,000க்கு மேலும் குறைத்துவிட்டால் பழைய ரெக்கார்டு வாசனை வரும். ரிவெர்ப் (எதிரொலி போன்ற எஃபெக்ட்) கொஞ்சம். வேறு எதுவும் வேண்டாம்.

பழகுவதற்கு 'அலோஹா ஓயே'யைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது. ஹவாயின் கடைசி அரசி லிலியுவோகலானி 1878 வாக்கில் எழுதிய விடைபெறும் பாட்டு. கார்ட்டூன்கள் அதை எத்தனை தடவை கேலிக்கு இழுத்திருந்தாலும் மெட்டு கலங்கவில்லை. அவர் 1917இல் காலமானார், ஆகவே மெட்டை யார் வேண்டுமானாலும் வாசித்து வெளியிடலாம். வேறொருவர் வாசித்த ரெக்கார்டிங்கை மட்டும் எடுத்துப் போடாதீர்கள். பல்லவிக்குப் பாரின் பயணம் ஜி சுருதியில் 5, 12, 7, 12. இதையே இரண்டு முறை. முதல் வாரம் அதிர்வே இல்லாமல், டியூனர் ஆப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் முள் நடுவில் நிற்கும் வரை வாசியுங்கள்.