காணாமற்போன உந்தத்தைக் கணக்கிடுதல்: மலையக உயர்தர மாணவருக்கான வழிகாட்டி

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் மாணவர் ஒருவர், காவிப் பிரிப்பையும் உந்தக் காப்பு விதியையும் மட்டும் துணைக்கொண்டு, ஜெனீவாவுக்கு அருகே நிலத்தின் கீழ் 27 கிலோமீற்றர் சுற்றளவில் அமைந்துள்ள, புரோத்தன்களை மோதவிடும் பெரிய ஹாட்ரன் மோதுவியில், ஒளியை உமிழாமல் ஈர்ப்பால் மட்டுமே அறியப்படும் கரும்பொருள் எவ்வாறு தேடப்படுகிறது என்பதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். இதற்குக் கல்குலேற்றரும் வரைபுத்தாளும் போதும். பிற்பகுதிக்கு மட்டும் கணினி வேண்டும்.

கரும்பொருள் துணிக்கை உருவானாலும் அது, துணிக்கைகளைப் பதிவுசெய்யும் கருவியான உணரியில் எந்தத் தடத்தையும் பதிக்காமல் வெளியேறிவிடும். ஆகவே நாம் தேடுவது அது எடுத்துச் சென்ற உந்தத்தையே. எதிரெதிராக வரும் புரோத்தன்களுக்குக் கற்றைக்குச் செங்குத்தான தளத்தில் உந்தம் ஏறத்தாழப் பூச்சியம் என்பதால், மோதலுக்குப் பின்னரும் அத்தளத்தில் மொத்த உந்தம் பூச்சியமாகவே இருக்க வேண்டும். கற்றையின் திசையில் இக்கணக்கைச் செய்ய முடியாது. புரோத்தனுக்குள் மோதிய குவார்க்கு எவ்வளவு உந்தத்தைச் சுமந்து வந்தது என்பது மோதலுக்கு மோதல் மாறுபடும்.

முதலில் ஓர் எடுத்துக்காட்டைச் செய்து பாருங்கள். செங்குத்துத் தளத்தில், 0 பாகையில் 200 கிகா இலத்திரன்வோல்ற்று (சக்தியையும் உந்தத்தையும் அளக்க இத்துறையில் வழங்கும் அலகு) உந்தமுள்ள துணிக்கைத் தாரை (ஒரே திசையில் கூட்டமாகப் பாயும் துணிக்கைகள்) ஒன்றும், 120 பாகையில் 100 உந்தமுள்ள மற்றொன்றும் பதிவாகியுள்ளன என்க. கிடைக்கூறுகளின் கூட்டுத்தொகை 150, நிலைக்கூறுகளின் கூட்டுத்தொகை 86.6. விளையுள் 30 பாகையில் 173 ஆகும். எனவே 210 பாகையில் 173 அளவுள்ள உந்தம் காணாமற்போயுள்ளது.

இதைக் கண்டதும் கரும்பொருள் என்று எழுதிவிடக் கூடாது. இந்த வேலையின் கடினமான பகுதி இனித்தான் தொடங்குகிறது. மலையில் நிறுத்த கொழுந்து தொழிற்சாலைத் தராசில் குறைந்தால், ஈரம் உலர்ந்ததையும் வழியில் சிந்தியதையும் கழித்த பிறகே வேறு காரணம் தேடுவது முறை. இங்கே அவ்வாறு முதலிற் கழிக்க வேண்டியவை, கரும்பொருளைப் போலவே உணரியில் தடம் பதிக்காத நியூத்திரினோ என்னும் துணிக்கைகள். மோதலில் உருவாகும் இசட் போசோன் என்னும் குறுவாழ்வுத் துணிக்கைகளுள் ஏறத்தாழ 20 சதவீதமானவை நியூத்திரினோச் சோடிகளாகத் தேய்ந்து எவருக்கும் தென்படாமல் போகின்றன, 3.4 சதவீதமானவை, இலத்திரனை ஒத்த ஆனால் திணிவு கூடிய மியூவோன்களின் சோடிகளாகத் தேய்ந்து தெளிவாகத் தென்படுகின்றன. ஆகவே தென்படும் மியூவோன் சோடிகளை எண்ணி ஏறத்தாழ ஆறால் பெருக்கினால், தென்படாதவற்றின் எண்ணிக்கை கிடைக்கும். காணாததைக் கண்டதிலிருந்து அளக்கும் இந்த வழி, என் கருத்தில், இத்துறையின் மிக அழகிய உத்தி.

மியூவோன்களை எண்ணுவதற்கு இம்மோதுவியை இயக்கும் சேர்ன் ஆய்வுகூடம் 2014 முதல் பொதுவில் வெளியிட்டுவரும் தரவுகளைப் பயன்படுத்தலாம். மோதுவியிலுள்ள சீ.எம்.எஸ். என்னும் உணரியின் மியூவோன் சோடிக் கோப்புகளை எக்செல் போன்ற மென்பொருளிலேயே திறக்க முடியும். இணைப்பு நிலையற்ற தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் அவற்றை முன்கூட்டியே தரவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுசெல்வது நல்லது. ஒவ்வொரு சோடியினதும் மொத்தச் சக்தியின் வர்க்கத்திலிருந்து மொத்த உந்தத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் கண்டால், சோடியைத் தந்த துணிக்கையின் திணிவு கிடைக்கும்; அவ்விடைகளை வரைபாக்கினால், 91 கிகா இலத்திரன்வோல்ற்றில் இசட் போசோனின் உச்சி எழுந்து நிற்கும்.

அடுத்து, இதனை ஆதி அகிலத்துடன் இணைக்க வேண்டும். சூடான ஆதி அகிலத்தில் கரும்பொருள் துணிக்கைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்து, அகிலம் விரிந்து குளிர்ந்தபோது அந்த அழிவு நின்றுபோனது என்பது பரவலாக ஆராயப்படும் ஒரு கருதுகோள். அதன்படி, சாதாரண பொருளுடனான இடைத்தாக்கம் நலிவாக இருந்தால் அழிவு விரைவில் நின்று மிச்சம் அதிகமாகும். இன்றைய அகிலத்தின் சக்தியில் கரும்பொருள் ஏறத்தாழ 27 சதவீதம், சாதாரண பொருள் 5 சதவீதம். மோதுவியில் எதுவும் தென்படாதபோது அந்த இடைத்தாக்கத்திற்கு ஓர் உச்ச எல்லை கிடைக்கிறது; அந்த எல்லைக்குள் 27 சதவீதத்தை விஞ்சிய மிச்சத்தையே தரக்கூடிய மாதிரிகள் நீக்கப்படுகின்றன.

ஒன்றைக் குறிப்பேட்டில் தனியாக எழுதிவையுங்கள். உணரியைக் கடக்க ஒரு துணிக்கைக்குச் சில பத்து நனோ செக்கன்களே போதும். கரும்பொருளோ 1380 கோடி ஆண்டுகள் நிலைத்திருக்க வேண்டும். ஆதலால், நியூத்திரினோக்களைக் கழித்த பின்னும் மோதுவியில் உபரி ஒன்று தென்பட்டாலும், நிலத்தடியில் திரவச் செனனில் கரும்பொருள் துணிக்கை வந்து மோதுகிறதா என்று பார்க்கும் நேரடித் தேடல்களும் அதனை உறுதிப்படுத்த வேண்டும்.

முடிவை எழுதும்போது "இல்லை" என்று எழுதாமல் எல்லையைக் குறிப்பிடுங்கள். மற்றத் துணிக்கைகளுக்குத் திணிவு தரும் புலத்தின் துணிக்கையான ஹிக்ஸ் போசோன், புலப்படாத துணிக்கைகளாகத் தேயும் வீதம் 10.7 சதவீதத்துக்கு மேற்படாது என, 95 சதவீத நம்பிக்கை மட்டத்தில், மோதுவியின் மற்றோர் உணரியான அட்லஸைக் கையாளும் குழு 2023இல் அறிவித்தது. அறியப்பட்ட துணிக்கைகளை மட்டும் விளக்கும் நியமக் கொள்கை எதிர்பார்ப்பதோ ஏறத்தாழ 0.1 சதவீதம். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள பரப்பு, தேடல்கள் இன்னும் எட்டாதது.