கட்டுமானத் தளத்தில் கிரேன் பணியைப் பாதுகாப்பாக நடத்துவது எப்படி

பாரம் தரையை விட்டு எழுந்த பிறகு, அந்தப் பணியைப் பாதுகாப்பானதாக மாற்ற எவருக்கும் அதிக வாய்ப்புக் கிடைப்பதில்லை. கிரேன் நிற்கும் மண் எவ்வளவு தாங்கும், பாரத்தின் உண்மையான எடை என்ன, ஸ்லிங் (பாரத்தைக் கட்டி ஹூக்கில் தொங்கவிடும் கயிறு அல்லது பெல்ட்) எந்தக் கோணத்தில் விரியும், காற்று எந்த வேகத்தை எட்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்பவை எல்லாம் முந்தைய நாளே எண்களாகத் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத ஒவ்வொன்றும், தூக்கும் நேரத்தில் ஆபரேட்டரின் ஊகத்துக்கு விடப்பட்டதாகவே பொருள். அந்த எண்களை எப்படிப் பெறுவது, பெற்ற பின் தளத்தில் அவற்றை எப்படிக் காப்பது என்பதைத் தளப் பொறியாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

முதலில் பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். தூக்கும் திட்டத்தை வகுப்பவர் ஒருவர், அன்றைய வேலையைக் களத்தில் நின்று மேற்பார்வையிடுபவர் ஒருவர், ஆபரேட்டர், பாரத்தைக் கட்டும் ரிக்கர், சைகை காட்டும் சிக்னல்மேன் என ஒவ்வொருவரின் பெயரும் திட்டத்தாளில் இருக்க வேண்டும். சிறிய தளங்களில் ரிக்கரே சிக்னல்மேனாகவும் இருப்பது உண்டு, அதில் தவறில்லை. ஆனால் மேற்பார்வையாளர் தாமே ஸ்லிங் கட்டப் போய்விட்டால், மொத்தப் பணியையும் பார்த்துக்கொண்டிருக்க ஆளில்லாமல் போய்விடும். வேலையை நிறுத்தும் அதிகாரம் இவர்கள் அனைவருக்கும் உண்டு என்பதையும், நிறுத்தியவரிடம் எவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதையும் காலைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமலே புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எடையும் லோடு சார்ட்டும்

பாரத்தின் எடையை யாரிடமும் வாய்மொழியாகக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். இயந்திரமாக இருந்தால் அதன் தகட்டையோ உற்பத்தியாளரின் வரைபடத்தையோ பாருங்கள். இல்லையெனில் கன அளவைக் கணக்கிட்டு அடர்த்தியால் பெருக்குங்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டைக் கன மீட்டருக்கு 2.5 டன் என்றும், எஃகை 7.85 டன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, 6 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரம், 20 சென்டிமீட்டர் தடிமன் உள்ள கான்கிரீட் சுவர்ப்பலகை ஒன்றின் கன அளவு 3 கன மீட்டர். எனவே எடை 7.5 டன்.

ஆனால் கிரேன் தூக்குவது 7.5 டன் மட்டுமல்ல. ஹூக்கைத் தாங்கும் கப்பித் தொகுதியான ஹூக் பிளாக் அரை டன், ஸ்லிங் கால்களை விரித்துப் பிடிக்கும் ஸ்பிரெடர் பீமும் ஸ்லிங்கும் இணைப்பு வளையங்களான ஷாக்கிள்களும் சேர்ந்து 0.7 டன் என்று வைத்துக்கொண்டால், லோடு சார்ட்டில், அதாவது எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று உற்பத்தியாளர் தரும் அட்டவணையில், ஒப்பிட வேண்டிய எடை 8.7 டன் ஆகிறது. கிரேனின் நீண்ட தூக்கும் கையான பூமின் நுனியில் ஜிப் எனப்படும் கூடுதல் நீட்டிப்புக் கை பொருத்தப்பட்டிருந்தால், அதைப் பயன்படுத்தாவிட்டாலும், உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவைச் சார்ட் காட்டும் திறனிலிருந்து கழிக்க வேண்டும். வார்ப்புப் பலகையிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கும் கான்கிரீட்டும், சேற்றில் புதைந்த குழாயும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு எடையைவிட அதிக இழுவையைக் கேட்கும். அத்தகைய பாரத்தை முதலில் ஜாக்கியாலோ நெம்புகோலாலோ விடுவித்துவிட்டுத்தான் கிரேனைக் கொண்டு தூக்க வேண்டும்.

அடுத்தது ஆரம். கிரேன் சுழலும் மையத்திலிருந்து ஹூக்கின் மையம் வரையுள்ள கிடைமட்டத் தூரமே ஆரம். வண்டியின் முன்புறத்திலிருந்தோ, பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் தாங்குகாலான அவுட்ரிகரிலிருந்தோ அதை அளக்கக் கூடாது. பாரத்தை எடுக்கும் இடம், இறக்கும் இடம், இடையே அது கடக்கும் பாதை ஆகிய மூன்றில் எங்கே ஆரம் மிக அதிகமோ அந்த அளவையே சார்ட்டில் பாருங்கள். மேற்கண்ட 8.7 டன்னுக்கு, 14 மீட்டர் ஆரத்தில் சார்ட் 10.2 டன் அனுமதிக்கிறது என்று கொள்வோம். திறனில் சுமார் 85 சதவீதம் பயன்படுகிறது. அதே சார்ட் 16 மீட்டரில் 8.4 டன் மட்டுமே அனுமதித்தால், இரண்டு மீட்டர் வேறுபாட்டில் அந்தப் பணி செய்யக் கூடாத பணியாகிவிடுகிறது. பாரம் ஏறியதும் பூம் சற்று வளைந்து ஆரம் தானாகவே கூடும் என்பதால், எல்லைக்கோட்டின் மீது திட்டமிடுவது அறவே ஆகாது. சார்ட்டில் இருக்கும் இரு எண்களுக்கு இடைப்பட்ட ஆரம் வந்தால், பெரிய ஆரத்துக்குரிய குறைந்த திறனையே எடுத்துக்கொள்ள வேண்டும். இடையில் உள்ள எண்ணை நாமாகக் கணக்கிட்டு நிரப்புவது தவறு.

ஆபரேட்டரின் அறையிலுள்ள பாரம் காட்டும் கருவி ஒரு காவல் மட்டுமே. எடை தெரியாத பாரத்தைத் தூக்கிப் பார்த்து அறிந்துகொள்ளும் தராசாக அதைப் பயன்படுத்துபவர்கள், காவலையே திட்டமாக ஆக்கிவிடுகிறார்கள். அக்கருவியைச் செயலிழக்கச் செய்யும் சாவி மேற்பார்வையாளரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

கிரேன் நிற்கும் மண்

நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிடச் சொல்வது இதற்குத்தான், ஏனெனில் கிரேனின் சார்ட் எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், அது உறுதியான, சமமான தரையை முன்வைத்தே எழுதப்பட்டது. மொபைல் கிரேன்களுக்கு 1 சதவீதச் சாய்வே பொதுவான மேல்வரம்பு. அதைக் கண்ணால் மதிப்பிடாமல் கிரேனின் மட்டக்கருவியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சில தூக்குகளுக்குப் பின் மீண்டும் பாருங்கள்.

பூம் ஒரு மூலைக்கு மேலாகத் திரும்பும்போது, கிரேன் எடையும் பார எடையும் சேர்ந்த மொத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒரே அவுட்ரிகரில் இறங்கக்கூடும் என்பது முதற்கட்ட மதிப்பீட்டுக்கு உதவும் விதி. துல்லியமான எண்ணை உற்பத்தியாளரிடமிருந்து பெற வேண்டும். 36 டன் எடையுள்ள கிரேன் 9 டன் தூக்குகிறது என்றால், மொத்தம் 45 டன். ஓர் அவுட்ரிகரில் ஏறத்தாழ 34 டன் இறங்கலாம். அரை மீட்டர் சதுரமான அதன் சொந்தப் பாதத்தின் வழியாக அது நேராக மண்ணில் இறங்கினால், சதுர மீட்டருக்கு 136 டன் அழுத்தம். அதே அவுட்ரிகரின் கீழ் ஒன்றரை மீட்டர் சதுரமான, விறைப்பான ‘மேட்’ (சுமையைப் பரப்பும் பலகை) வைத்தால், அது சுமார் 15 டன்னாகக் குறைகிறது. மென்களிமண் பல நேரங்களில் 15 டன்னையும் தாங்காது. அங்கே இன்னும் பெரிய மேட் தேவை, அல்லது கற்பரப்பு அமைக்க வேண்டும். மேட் மெல்லியதாக இருந்து நடுவில் வளைந்துவிட்டால், அதன் ஓரங்கள் மண்ணில் அழுந்துவதே இல்லை; பரப்பு தாளில் மட்டுமே இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மரத்துண்டுகளை மேட் என்று ஏற்க வேண்டாம்.

மேற்பரப்பு கெட்டியாகத் தெரிவதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. தோண்டி மூடிய பள்ளம், கழிவுநீர்க் குழாய், பழைய தொட்டி, நிலவறையின் கூரை ஆகியவை அடியில் உள்ளனவா என்று தளத்தின் வரைபடங்களில் தேடிப் பாருங்கள். திறந்த பள்ளத்தின் அருகே நிறுத்த நேர்ந்தால், பள்ளத்தின் ஆழத்துக்குக் குறையாத தூரமாவது மேட் பலகையின் ஓரத்துக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் இடையே இருக்கட்டும்; மண் தளர்வாக இருந்தால் அதைவிடக் கூடுதல் தேவை. முந்தைய இரவு மழை பெய்திருந்தால் நேற்றைய ஒப்புதல் இன்றைக்குச் செல்லாது.

ஸ்லிங் கட்டும் முறை

இரு கால் ஸ்லிங்கில் 10 டன் தொங்கும்போது, கால்கள் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 5 டன். கிடைமட்டத்துடன் 60 பாகைக் கோணத்தில் அது 5.8 டன், 45 பாகையில் 7.1 டன்; 30 பாகையில் முழுதாக 10 டன். ஸ்லிங் போதிய நீளமில்லை என்பதற்காக அகல விரித்துக் கட்டும் ரிக்கர், தெரியாமலேயே அதன் சுமையை இரட்டிப்பாக்கிவிடுகிறார். 60 பாகைக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். இடமில்லையெனில் ஸ்பிரெடர் பீம் பயன்படுத்துங்கள். விறைப்பான பாரத்தை நான்கு கால்களில் கட்டினாலும், எதிரெதிர் மூலைகளிலுள்ள இரண்டு கால்கள் மட்டுமே முழுப் பாரத்தையும் சுமக்கலாம் என்று எண்ணிக் கணக்கிடுவதே பாதுகாப்பானது.

ஒவ்வொரு ஸ்லிங்கிலும் அதன் பாதுகாப்பான வேலைச்சுமையைக் காட்டும் பட்டி இருக்க வேண்டும்; பட்டி கிழிந்து போனால் அந்த ஸ்லிங் வேலைக்கு ஆகாது. இரும்புக் கயிற்றில் அறுந்த இழைகள், நசுங்கிய பகுதி, கூண்டுபோல் உப்பிய பின்னல் ஆகியவற்றைத் தேடுங்கள். பெல்ட் ஸ்லிங்கில் வெட்டு, உரசல், வெயிலில் நைந்த நிறமாற்றம் ஆகியவை போதும் அதை ஒதுக்கி வைக்க. ஒதுக்கியதை வெட்டித் துண்டாக்கிவிடுங்கள், இல்லையெனில் அவசரத்தில் யாரோ அதை மறுபடி எடுப்பார்கள். 2008 மார்ச் 15 அன்று நியூயார்க்கில் டவர் கிரேனைக் கட்டடத்தோடு பிணைக்கும் எஃகு வளையத்தைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, அதைத் தாங்கிய பாலியெஸ்டர் ஸ்லிங்குகள் அறுந்து, வளையம் விழுந்து, கிரேனே சரிந்து 7 பேர் இறந்தனர். கூர்மையான விளிம்பைச் சுற்றிப் பெல்ட்டைக் கட்டுவதற்கு முன் மூலைக்காப்பு வைக்கும் பழக்கம், ரிக்கரின் கை தானாகச் செய்யும் பழக்கமாக வேண்டும்.

பாரம் எழும் நேரம்

ஹூக் பாரத்தின் ஈர்ப்பு மையத்துக்கு நேர் மேலே வந்த பின் மட்டுமே இழுவை கொடுங்கள். ஹூக்கைச் சாய்வாக வைத்து இழுத்தால் பாரம் ஊசலாடும். பூமில் பக்கவாட்டு விசை விழும். அதைத் தாங்கும்படி பூம் வடிவமைக்கப்படவில்லை. பாரம் தரையை விட்டு 20 முதல் 30 சென்டிமீட்டர் எழுந்ததும் நிறுத்துங்கள். பாரம் சமமாக உள்ளதா, பிரேக் பிடித்து நிற்கிறதா, அவுட்ரிகர் மேட் அமிழ்கிறதா, கருவி காட்டும் எடை கணக்கோடு பொருந்துகிறதா என்று அந்தச் சில நொடிகளில் பார்த்துவிடலாம். கருவி 8.7 டன்னுக்குப் பதிலாக 10 டன் காட்டினால், காரணம் தெரியும் வரை பாரத்தை இறக்கி வையுங்கள்.

சைகை ஒருவரிடமிருந்து மட்டுமே வர வேண்டும். விதிவிலக்கு ஒன்றுதான்: ‘நிறுத்து’ என்பதை யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்துவார். வாக்கிடாக்கியில் வேலை நடந்தால், அதற்கென்று தனி அலைவரிசை ஒதுக்குங்கள். சிக்னல்மேன் இடைவிடாமல் ‘இறக்கு, இறக்கு, இறக்கு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். குரல் நின்றால் இயக்கமும் நிற்கும் என்பது இருவருக்கும் பொதுவான ஒப்பந்தம். பாரத்தைக் கையால் பிடித்துத் திருப்புவதற்குப் பதில் வழிகாட்டிக் கயிறு கட்டுங்கள், அதை உடலில் சுற்றிக்கொள்ளக் கூடாது. பாரத்தின் பாதைக்குக் கீழே ஒருவரும் நிற்காதபடி தடுப்பு அமையுங்கள். வேறு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அதே இடத்தில் வேலை செய்தால், தூக்கும் நேரத்தை அவர்களோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்வது தடுப்பைவிட நன்றாக வேலை செய்யும்.

மின்கம்பி அருகில் இருந்தால், மின்வாரியம் எழுத்தில் உறுதி செய்யும் வரை அதில் மின்சாரம் ஓடுகிறது என்றே கொள்ளுங்கள். அமெரிக்காவின் 2010 ஆம் ஆண்டு விதிகள், 350 கிலோவோல்ட் வரையுள்ள கம்பிகளுக்கு 20 அடி, அதாவது ஏறக்குறைய 6 மீட்டர் இடைவெளியைத் தொடக்க எல்லையாக வைத்துள்ளன. உங்கள் நாட்டு விதி அதைவிடக் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பூம் கம்பியைத் தொட்டுவிட்டால் ஆபரேட்டர் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். தீப்பற்றினால் மட்டும், கிரேனையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் சிறு அடிகளாக நகர்ந்து விலக வேண்டும். உதவப் போகிறவர் கிரேனைத் தொடவே கூடாது.

இரண்டு கிரேன்களால் ஒரே பாரத்தைத் தூக்கும் பணியைத் தனித் திட்டமின்றித் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு கிரேனும் சார்ட் அளவில் 75 சதவீதத்துக்குள் இருக்கும்படி திட்டமிடுவது பரவலான நடைமுறை.

காற்றும் வேலை முடிந்த பின்னும்

காற்றின் வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும். ஐரோப்பியத் தரத்தின்படி அமைந்த பல சார்ட்டுகளில் உள்ள காற்று வரம்பு, டன்னுக்கு 1.2 சதுர மீட்டர் முகப்பரப்புள்ள பாரத்தைக் கருதியே தரப்படுகிறது. நம் சுவர்ப்பலகையின் பரப்பு 15 சதுர மீட்டர்; டன்னுக்கு 2 சதுர மீட்டர். எனவே சார்ட் நொடிக்கு 10 மீட்டர் அனுமதித்தாலும், இந்தப் பலகைக்கு அது ஏறத்தாழ 7.7 மீட்டராகக் குறைந்துவிடுகிறது. தட்டையான வடிவம் காற்றை இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பதால் அதையும் குறைக்க நேரலாம். 1999 ஜூலை 14 அன்று மில்வாக்கியில் விளையாட்டரங்கக் கூரைப் பகுதியைத் தூக்கியபோது மாபெரும் கிரேன் சரிந்து 3 தொழிலாளர்கள் இறந்தனர். அந்த அகன்ற கூரையின் மேல் விழும் காற்றின் விசை கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. காற்றுமானியைப் பூமின் நுனியில் பொருத்துங்கள். தரையில் நிற்பவருக்கு மென்காற்றாகத் தெரிவது, மேலே வேறாக இருக்கும்.

மாலையில் கடைசிப் பாரம் இறங்கியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. ஹூக்கில் எதையும் தொங்கவிடாமல் உயர்த்தி வையுங்கள். டவர் கிரேனின் சுழல் பிரேக்கை விடுவித்து, காற்றின் திசைக்கேற்ப அதன் ஜிப் (டவர் கிரேனில் பாரம் தொங்கும் நீண்ட கை) தானாகத் திரும்ப வழி செய்யுங்கள். அதற்கு இடையூறாக எந்தக் கட்டடமும் பக்கத்துக் கிரேனும் இருக்கக் கூடாது. மொபைல் கிரேனிலும், சங்கிலிப் பட்டைகளில் ஊர்ந்து நகரும் கிராலர் கிரேனிலும், பலத்த காற்று எதிர்பார்க்கப்பட்டால், உற்பத்தியாளரின் கையேடு சொல்லும் நிலைக்குப் பூமை இறக்கிவிடுங்கள். 2015 செப்டம்பர் 11 அன்று மெக்காவின் பெரிய பள்ளிவாசலில் கிராலர் கிரேன் சாய்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அது எந்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டிருக்கவில்லை. உயர்த்தி விடப்பட்டிருந்த அதன் பூமைப் பெருங்காற்று தள்ளியது. எனவே இரவுக் காவலரிடம் ஒப்படைக்கும் குறிப்பில், பூம் எந்தக் கோணத்தில் விடப்பட்டுள்ளது, எந்தக் காற்று வேகத்தில் யாரை அழைக்க வேண்டும், அழைத்தவர் வராவிட்டால் எந்தப் பகுதியிலிருந்து ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்ற மூன்றையும் எழுதி, மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட பிறகே தளத்தைவிட்டுச் செல்ல வேண்டும்.