வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறதா? புது ரூட்டர் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

மாலை ஏழு மணி ஆனால் எங்கள் வீட்டில் நெட் படுத்துவிடும். ஃபோனில் வைஃபை கோடுகள் முழுசாக இருக்கும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். ரூட்டரை அணைத்துப் போட்டால் பத்து நிமிடம் ஓடும், அப்புறம் பழைய கதைதான். நான் முதலில் செய்த காரியம் 100 எம்பிபிஎஸ் பிளானை 200-க்கு ஏற்றியது. காசு போனதுதான் மிச்சம்.

பிறகு என்ன செய்து சரியானது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். ஃபைபர் இணைப்பு உள்ள வீடு என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு லேப்டாப்பும் ஒரு ஃபோனும் போதும்.

படி 1: கோளாறு வெளியேயா, உள்ளேயா?

தெருவிலிருந்து ரூட்டர் பெட்டி வரை வருவது ஃபைபர். பெட்டியிலிருந்து ஃபோன் வரை காற்றில் வருவது வைஃபை. இரண்டில் எது கெட்டாலும் “நெட் வரல” என்றுதான் சொல்கிறோம். ஃபோனில் தெரியும் கோடுகள் இரண்டாவதைப் பற்றி மட்டும்தான் பேசும். ஃபைபர் செத்துக் கிடந்தாலும் அவை முழுசாகத்தான் இருக்கும்.

பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ஒயர் ஜன்னல் கதவில் நசுங்கியிருக்கிறதா, பீரோவுக்குப் பின்னால் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, செம்புக் கம்பி மாதிரி மடித்துக் கட்டினால் தாங்காது. அதெல்லாம் சரியாக இருந்தால் கம்ப்ளெயின்ட் போட்டுவிடுங்கள். ஒயரைக் கழற்றி முனையை உற்றுப் பார்க்க மட்டும் வேண்டாம். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆகாது.

சிவப்பு விளக்கு இல்லாமலே நெட் அறுகிறது என்றால் பிங் செய்து பாருங்கள், அதாவது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது. தொல்லை வரும் நேரத்தில், தொல்லை வரும் அறையிலேயே லேப்டாப்போடு உட்காருங்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு 192.168.1.1 என்று கொடுங்கள். இதுதான் பெரும்பாலான பெட்டிகளின் முகவரி, சிலவற்றில் 192.168.0.1 இருக்கும், அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். கடைசியில் இடம் விட்டு ஒரு சிறு கோடும் ‘டி’ எழுத்தும் (-t) சேர்த்தால் நிறுத்தச் சொல்லும்வரை ஓடும். இன்னொரு ஜன்னலில் இதையே 8.8.8.8-க்குச் செய்யுங்கள். அது கூகுளின் சர்வர், வீட்டுக்கு வெளியே இருப்பது.

இரண்டையும் ஐந்து நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள். முதல் ஜன்னலில் 2, 3, 5 மில்லிசெகண்ட் என்று சீராக வந்து, இரண்டாவது மட்டும் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று விட்டுவிட்டு நின்றால் கோளாறு வெளியே. அந்தத் திரையை ஃபோட்டோ எடுத்து லைன் பார்க்க வருபவரிடம் காட்டுங்கள். பேச்சு சட்டென்று முடியும். என் வீட்டில் முதல் ஜன்னலிலேயே 3, 4, 380, அப்புறம் டைம்டு அவுட். ஆக, பத்தடி தள்ளி இருக்கும் பெட்டியிடமிருந்தே பதில் வந்து சேரவில்லை. இதற்கு நான் பிளானை ஏற்றியிருக்கிறேன்!

படி 2: பெட்டியை இடம் மாற்றுங்கள்

எங்கள் பெட்டி டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி இருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று ஒளித்து வைத்த இடம். இரும்பு, ஃப்ரிட்ஜ், பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி, மீன் தொட்டி எல்லாம் சிக்னலைத் தடுக்கும். வீட்டின் நடுவாக, ஐந்தாறு அடி உயரத்தில், நாலு பக்கமும் திறந்திருக்கும்படி வையுங்கள். ஃபைபர் எட்டவில்லை என்றால் நீளமான ஒயர் கேட்டு மாற்றச் சொல்லுங்கள்.

வைஃபை அனலைசர் மாதிரி ஏதாவது ஒரு ஆப் போட்டால் சிக்னல் எண்ணாகத் தெரியும். மைனஸில் இருக்கும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் ஓடும். மைனஸ் 75-ஐத் தாண்டினால் கஷ்டம். எங்கள் படுக்கையறையில் மைனஸ் 78 இருந்தது, இடம் மாற்றியதும் மைனஸ் 61 ஆனது. பகலில் பிரச்சினை போயே போச்சு. ஏழு மணித் தொல்லை மட்டும் பாக்கி.

படி 3: சேனல்

ஏழு மணிக்குத்தான் அக்கம்பக்கத்தில் எல்லாரும் வேலை முடிந்து வந்து வைஃபையில் உட்காருகிறார்கள். வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் ஊரில் 13 சேனல்கள், அதாவது தடங்கள், உண்டு, ஆனால் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அதே ஆப்பில் பார்த்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் 6-இல்.

பிரவுசரில் பெட்டியின் முகவரியை அடித்து உள்ளே போங்கள் (பாஸ்வேர்ட் ஸ்டிக்கரில் இருக்கும், கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்). வயர்லெஸ் பகுதியில் ஆட்டோ என்று இருக்கும் சேனலை, மூன்றில் கூட்டம் குறைந்ததற்கு மாற்றுங்கள். சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் 20 ஆக்குங்கள். வேகம் கொஞ்சம் குறையும், அறுந்துபோவது நிற்கும்.

உங்கள் பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இன்னொரு அலைவரிசையும் இருந்தால் அதற்குத் தனிப் பெயர் வையுங்கள். அங்கே கூட்டம் குறைவு, வேகமும் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டுவதில் மந்தம். ஹாலில் இருக்கும் டிவிக்கும் லேப்டாப்புக்கும் அது. அடுப்படி, கொல்லைப்புறத்துக்கு 2.4. மைக்ரோவேவ் அவனும் 2.4-ஐ ஒட்டியே இயங்குவதால், பால் சுடவைக்கும்போது மட்டும் நெட் நின்றால் குழம்ப வேண்டாம்.

படி 4: அடாப்டர்

எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து மறுபடி எரிகிறதா? அது வைஃபை கோளாறு இல்லை, பெட்டியே ரீஸ்டார்ட் ஆகிறது. பழைய அடாப்டர் மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும். அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியர் பார்த்து வாங்குங்கள்.

படி 5: மாடி

கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு சிக்னல் போவது சிரமம். ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) வாங்குபவர்கள் அதை சிக்னல் இல்லாத அறையிலேயே மாட்டுகிறார்கள். கிடைக்காத சிக்னலை அது எங்கிருந்து திருப்பிக் கொடுக்கும்? பாதி வழியில், மாடிப்படித் திருப்பத்தில் மாட்டுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கிக் கொடுக்கும் மலிவு ரகத்தில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

என்னைக் கேட்டால் கீழ்ப் பெட்டியிலிருந்து மாடிக்கு கேட் 6 கேபிள் (நெட்வொர்க் ஒயர்) இழுப்பதுதான். 100 மீட்டர் வரை தாராளமாக இழுக்கலாம். மாடியில் பரணில் கிடக்கும் பழைய ரூட்டரை மாட்டுங்கள்: அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, டிஹெச்சிபியை (ஃபோன், லேப்டாப்புக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை வேன் (WAN) துளையில் இல்லாமல் லேன் (LAN) துளையில் செருக வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருபது மீட்டர் கேபிளும் ஆனது.

மறுவாரம் பிளானை மறுபடி 100-க்கு இறக்கினேன். வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.