சொந்த போனில் அலுவலக வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன் தொலைந்தால் முதலில் தேடுவோம், அது இயல்பு. சோபாவின் இடுக்கு, வண்டி, நேற்றுப் போன நண்பர் வீடு என்று தேடி முடிக்கையில் பொழுது போய்விடும். அதே போனில் அலுவலக மின்னஞ்சலும் இருக்கிறது என்பதை நிர்வாகத்திடம் சொல்வது மறுநாள்தான். சிலர் புதுப் போன் வாங்கிய பிறகே சொல்கிறார்கள். என் கணக்கில், சொந்த போனில் வேலை பார்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதுவே மிகப் பெரியது.

தொலைந்த போனிலுள்ள தரவை அலுவலகம் தொலைவிலிருந்தே அழிக்கலாம், ஆனால் அந்தக் கட்டளை போய்ச் சேர, போன் இணையத்தில் இருக்க வேண்டும். எடுத்தவர் சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டால் கட்டளை காத்துக்கிடக்கும். லாகின் அனுமதியை ரத்து செய்வது அப்படியல்ல. அது சர்வரில் நடப்பது, போன் அணைந்திருந்தாலும் செய்யலாம். ஆகவே சந்தேகம் வந்த உடனே சொல்லிவிடுங்கள். போன் கிடைத்துவிட்டால் மறுபடி லாகின் செய்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

பிறகு ஏன் தயங்குகிறார்கள்? திட்டு விழும் என்ற பயம் ஒன்று. குடும்பப் படங்களையும் சேர்த்து அழித்துவிடுவார்களோ என்ற பயம் இன்னொன்று. இரண்டாவது பயத்துக்குக் காரணம், அலுவலக வேலைக்காகப் போனை நிறுவனத்தின் நிர்வாக அமைப்பில் பதிவு செய்த நாளில் எதையும் படிக்காமல் சம்மதம் என்று அழுத்தியதுதான். 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0இலிருந்தே வேலைக்கென்று தனிப் பகுதி உண்டு. அதிலுள்ள செயலிகளின் மேல் சிறிய பெட்டிச் சின்னம் இருக்கும். ஐபோனில் இதற்கு இணையான பதிவுமுறை 2019இல் ஐஓஎஸ் 13உடன் வந்தது. இவ்வகைப் பதிவில் நிறுவனம் அழிக்கக்கூடியது தன் பகுதியை மட்டுமே. முழுக் கருவியையும் நிர்வகிக்கும் பதிவு என்றால், எல்லாவற்றையும் அழிக்கும் அதிகாரம் அதில் அடங்கும். எது உங்கள் போனில் ஏறுகிறது என்று முன்பே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, போன் உங்களுடையது.

இப்படித் தனி அறை கட்டிக் கொடுத்தாலும், சுவரை நாமே இடிக்கிறோம். கூட்டத்தில் வெள்ளைப் பலகையைச் சொந்தக் கேமராவில் படம் எடுக்கிறோம். அது தானாகவே சொந்தக் கிளவுடுக்குப் போய், பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொள்கிறது. அவசரத்துக்கு ஒரு கோப்பை வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்வதும் இதே கதைதான். திருட்டு எதுவும் நடக்கவில்லை, ஆனாலும் தரவு வெளியே வந்துவிட்டது.

லாகின் செய்பவர் நாம்தானா என்று உறுதி செய்ய, போனிலுள்ள செயலியில் ஒப்புதல் கேட்டு வரும் அறிவிப்பை யோசிக்காமல் அழுத்துவது அடுத்த தவறு. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர் நுழைந்தது இந்த வழியில்தான். ஓர் ஒப்பந்ததாரரின் சொந்தக் கருவியில் தீநிரல் புகுந்து கடவுச்சொல் கசிந்திருக்கலாம் என்று ஊபரே சொன்னது. ஊடுருவியவர் அந்தக் கடவுச்சொல்லை வைத்துத் திரும்பத் திரும்ப லாகின் செய்ய முயன்று ஒப்புதல் கேட்டபோது, ஒரு தருணத்தில் ஒப்பந்ததாரர் அழுத்திவிட்டார். நீங்கள் லாகின் செய்யாத நேரத்தில் ஒப்புதல் கேட்கிறது என்றால், பெரும்பாலும் கடவுச்சொல் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கிறது என்று பொருள். மறுத்துவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், ஐ.டி. பிரிவுக்கும் தெரிவியுங்கள்.

போனை ரூட் செய்வது (அதன் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளை உடைத்து முழு அதிகாரம் பெறுவது), முன்பின் தெரியாத இடத்திலிருந்து ஏபிகே எனும் செயலிக் கோப்பை நிறுவுவது, பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன பழைய கருவியையே ஓட்டுவது ஆகியவற்றைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. போனைத் திறக்கும் பின் எண்ணை வீடு முழுக்கச் சொல்லி வைத்திருப்பதும் அப்படித்தான்.

பழைய போனை விற்கும்போது வரிசை முக்கியம். முதலில் ஒப்புதல் செயலியைப் புதுப் போனுக்கு மாற்றி, ஒருமுறை லாகின் செய்து பாருங்கள். அதன்பின் அலுவலகக் கணக்கின் கருவிப் பட்டியலிலிருந்து பழையதை நீக்குங்கள். கடைசியாகத்தான் எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட். தலைகீழாகச் செய்தால், திங்கட்கிழமை காலை உங்கள் கணக்குக்கு வெளியே நீங்களே நிற்பீர்கள்.